ஆயிரத்தில் நாற்பத்தேழு

கடந்த மார்ச் பதினான்காம் தேதி, என் கணையத்திலிருந்து அகற்றிய கட்டியின் செல்களை எண்ணாமலேயே, "பெருகும் வீதம் மூன்று சதவீதத்துக்குக் கீழ், முதல் நிலை" என்று மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறை அறிக்கை அளித்தது. இது என் குற்றச்சாட்டு. எண்ணிய ஒருவர் அங்கேயே இருந்தார் என்பது அதன் இரண்டாம் பகுதி. அவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அறிக்கை பற்றி விசாரித்து அலைந்த மாதங்களில் எனக்குப் பழக்கமான, அத்துறையின் டெக்னீஷியன் அவர். அடித்தள நடைவழியின் கடைசி அறையில், நுண்ணோக்கிப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மேசைமேல் விரித்து, ஒவ்வொரு செல்லாகக் குறித்துக்கொண்டிருப்பார். பெருகத் தயாராகும் செல்லின் உட்கரு சாயத்தில் பழுப்பாகும். அதற்குச் சிவப்புப் பேனா. மற்றவை நீலம், அவற்றுக்குப் பென்சில். நூறு முடியும்வரை இடது கை உயர்ந்தே நிற்கும். வந்தவர் வாய் திறக்கக் கூடாது. பிறகு கை இறங்கும். "இப்ப சொல்லுங்க."

இளம் மருத்துவர்கள் அவரைக் 'கால்குலேட்டர்' என்பார்கள். பிறர் ஒரு பார்வையில், "ரெண்டு சதவீதம் இருக்கும்" என்று முடிப்பதற்கு இவர் ஒரு முற்பகலைச் செலவிடுவார். மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. லிஃப்ட் அருகே பெஞ்சு இருந்தும் நின்றபடியே மதிய உணவை உண்பார்.

"உக்காந்தா பக்கத்துல காலியா இருக்கறது தெரியுது, மேடம்."

அறையில் தொலைபேசி உண்டு. ஒலித்து நான் கேட்டதில்லை. "நம்மள யாரு கூப்பிடப் போறா? கொசுவே அடுத்த ரூமுக்குத்தான் போகுது."

குடல் சுவரிலும் கணையத்திலும் சிதறிக் கிடக்கும் சில செல்களுக்கு நரம்பின் குணமும் உண்டு, சுரப்பியின் குணமும் உண்டு. என்னுடையதைப் போல அவற்றில் தோன்றும் கட்டி பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் வளரக்கூடும். எட்டு மாதம் நான் நூல்களில் படித்ததை அவர் ஒரே மூச்சில் சொன்னார்: "நரம்பும் 'நம்மாளு'ங்காது, சுரப்பியும் 'நம்மாளு'ங்காது. ரெண்டு வீட்லயும் பத்திரிகை வைக்காத சொந்தக்காரன். ஒரு மூலையில உக்காந்து சத்தமில்லாம குடும்பத்தைப் பெருக்கிடும்."

என் ஆவணங்கள் அனைத்துக்கும் நகல் கேட்டுப் பெற்றேன். முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் பின் அவர் குறித்த படம் இருந்தது. ஓரத்தில் பென்சிலில், "1000-இல் 47". நான்கு புள்ளி ஏழு சதவீதம். அதாவது இரண்டாம் நிலை. அறிக்கையின்படி எனக்கு அடுத்த ஸ்கேன் இரண்டு ஆண்டுகள் கழித்து. இந்தத் தாள் சரியென்றால் நான் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.

தாளை அவர்முன் வைத்தேன்.

"பழுப்பு எங்க அதிகமோ அங்கதான் எண்ணணும், மேடம். டாக்டருங்க ஓரத்துல பாத்துட்டாங்க. போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'உங்க வேலை சாயம் போடறது'ன்னாங்க. சரின்னு ஃபைல்ல சொருகிட்டேன். யாராவது ஒருத்தர் பாக்காமலா போயிடுவாங்க?"

"கையெழுத்துப் போடலையே?"

"முப்பது வருஷமா வருகைப் பதிவேட்டுல மட்டும்தான் என் கையெழுத்து. டெக்னீஷியன் எண்ணலாம், மேடம். எண்ணினேன்னு சொல்லத்தான் கூடாது."

ஓய்வு பெற அவருக்கு இன்னும் பதினான்கு மாதங்கள். துறைத் தலைவருக்கு நான் எழுதிய மனுவைக் காட்டினேன். மூன்று முறை படித்தார்.

"இதுல என் பேரு இல்லையே."

"உங்களுக்கு வம்பு வேணாம்னுதான்."

"பேரில்லாத தாளைத் 'தெரியாது'ன்னுடுவாங்க. எனக்கு அது பழக்கம். உங்களுக்கு உடம்பாச்சே."

என் பேனாவைக் கேட்டு வாங்கினார். மனுவின் அடியில், "இதை எண்ணியவன் நான்" என்று எழுதிக் கையொப்பமிட்டார். சற்று யோசித்து, கோரிக்கைக்காக நான் வெற்றாக விட்டுவைத்திருந்த கடைசி வரியையும் தம் கையாலேயே நிரப்பினார்:

"கண்ணாடித் தகட்டிலுள்ள செல்களை மீண்டும் எண்ணி, முடிவைப் பதினைந்து நாட்களுக்குள் எங்கள் இருவருக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்."