கெரெயா, கரையா?

கோர்ட்டில் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, முன்சீப் சொல்லச் சொல்ல அடித்த தாளில் இரண்டு இடத்தைக் காலியாக விட்டேன். ‘பொறம்போக்கு’, நில வரியைச் சொல்லும் ‘கிஸ்து’. இங்கிலீஷ் வாக்கியத்துக்கு நடுவே இவற்றுக்கு என்ன ஸ்பெல்லிங்? டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள் நான். டிக்‌ஷனரியைப் புரட்டினேன். இல்லை.

பக்கத்து மேஜை ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். “பொறம்போக்குக்குக் கடைசில கே, ஈ போடுங்கக்கா.”

அவள் லோயர் மட்டும் பாஸ். கம்பைநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வரப்புத் தகராறு கேட்டே வளர்ந்தவள். அரூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நில வழக்கு வந்தால் முன்சீப் “ஸ்டெல்லாவை வரச் சொல்லுங்க” என்பார். எனக்குச் சம்மன் அடிக்கிற வேலை. அவள் பிரியமாகக் கொள்ளுக் குழம்பு நீட்டினால்கூட எனக்கு இறங்காது. சேலம் போய்ப் பெரிய டிக்‌ஷனரி வாங்கி வந்தேன். அதிலும் அந்தச் சொற்கள் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஸ்டெல்லாவுக்கு வேறு வேலை இருந்ததால் நில வழக்கு ஒன்று என்னிடம் வந்தது. மாதம்மா என்ற விதவையின் நிலம் ஏரிப் புறம்போக்கு, காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. அதை எதிர்த்து வழக்கு. மாதம்மா கூண்டில் ஏறினாள்.

“எம்பட நெலம் கெரெக்குக் கெழக்கால இருக்குதுங்க.”

முன்சீப் தெற்கத்திக்காரர். நிலம் கரைக்குக் கிழக்கே இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார். அடித்தேன். மாதம்மாவின் வக்கீலுக்கும் அது தவறாகப் படவில்லை.

“கெரெ நெறஞ்சாத்தானுங்க எங்கெணத்துல தண்ணி ஊறி எனக்கு வெள்ளாமை” என்றாள் அடுத்து.

என் விரல் நின்றது. கரை எப்படி நிறையும்?

மதிய இடைவேளை. ஸ்டெல்லாவைக் கேட்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அதுவும் அவள் கணக்கில் சேரும். எழுந்து வெளியே போய், மரத்தடியில் கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்த மாதம்மாவையே கேட்டேன்.

“கெரென்னா ஏரிங்க. எங்கூட்டுல கன்னடம் பேசறதுங்க, அதே வாயில வந்துருது.”

“அப்ப ஏரிக்கரை எந்தப் பக்கம்?”

“மேக்காலங்க.”

கரை மேற்கே என்றால், கரைக்குக் கிழக்கே இருப்பது ஏரி. ‘என் நிலம் ஏரிக்குள் இருக்கிறது’ என்று அவளே ஒப்புக்கொண்டதாக அல்லவா அடித்து வைத்திருக்கிறேன்!

முன்சீப்பிடம் ஓடினேன்.

“சாட்சிகிட்டத் தனியாப் பேசலாமா நீங்க? வேலை போயிரும், தெரியுமா?” என்று சீறினார். ஆனால் மாதம்மாவை மறுபடி கூண்டில் ஏற்றி, இரு தரப்பு வக்கீல் முன்னிலையிலும் அதே கேள்வியைக் கேட்டார். வாக்குமூலம் திருத்தப்பட்டது. நிலம் அவளுக்கே நின்றது.

ஸ்டெல்லா என்னிடம், “கெரென்னா எனக்குந் தெரியாதுங்கக்கா” என்றாள். அன்று அவள் கொடுத்த குழம்பு ருசியாக இருந்தது.

அடுத்த வாரமே ஒரு விசாரணையில் அவள் எழுந்து நின்று, “சார், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு சாட்சியையே கேட்டுருங்க” என்றாள். முன்சீப் திட்டவில்லை, தலையாட்டினார். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புரியாத சொல் வந்தால் அந்த நிமிடமே, எல்லோர் முன்னாலும், சொன்னவரையே கேட்கும்படி முன்சீப்பிடம் சொல்லுங்கள். இதை நான் பாதிதான் கண்டுபிடித்தேன். மீதியைக் கண்டுபிடித்தவள் ஸ்டெல்லா. இதை எழுதும்போதுகூட அவள் பெயரை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.