வைபை தொரை

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல்லயத்தில், கஜேந்திரனுக்கு வைபை தொரை என்று பெயர். டவுனில் இன்சாப் நானாவின் கடையில் போன் திருத்துகிறவன். கொழும்பில் நெட்வொர்க் இன்ஜினியராகிவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரே ஆசை. அதற்காக ஒன்லைனில் படித்த படிப்புக்கு அளவே இல்லை. படித்ததைச் சும்மா வைத்திருக்க முடியுமா? லயத்தார் சேர்ந்து எடுத்த இரண்டு இன்டர்நெட் இணைப்புகளை ஒரே ரவுட்டர் பெட்டியில் கோத்து, அதற்கு ஒரு சட்டமும் எழுதிவைத்தான். எந்த இணைப்பில் நெரிசலோ, அதில் இருக்கும் அத்தனை பேரையும் காலியாகக் கிடக்கும் மற்ற இணைப்புக்குப் பெட்டி தூக்கிப் போட்டுவிடும். லயமே மெச்சியது.

மெச்சல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பின்னேரம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் கட்டாரிலும் கொழும்பிலும் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டால், பேசிக்கொண்டிருக்கும் முகம் திடீரென்று அப்படியே நின்றுபோகும். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி வந்து முறையிட்டாள்.

"ஒங்க போன் பழசாயிடுச்சு அக்கா. புதுசா ஒண்ணு வாங்குங்க," என்றான் தொரை. யார் வந்து கேட்டாலும் இதே தீர்ப்புதான்.

அப்போதுதான் அவன் ஏங்கிக்கிடந்த கொழும்புக் கம்பெனி வீடியோவில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது, அதுவும் பின்னேரத்தில்.

"என்னங்க, அது முடியுற வரைக்கும் யாரும் போன் எடுக்காதீங்கன்னு லயத்துல சொல்லிட்டு வரவா?" என்றாள் மனைவி சுலக்ஷனா.

"நான் கட்டுன நெட்வொர்க்க நானே நம்பலன்னா எப்புடி?" என்று சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

எல்லாம் அமர்க்களமாகத்தான் போனது. கடைசியில், திரையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த கம்பெனி அதிகாரி, "ஒரு வழியில் நெரிசல். எல்லாரையும் மற்ற வழிக்கு மாற்றினால் என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

கஜேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. இதையா கேட்பார்கள்?

"நெரிசல் தீர்ந்துடும் சேர். எங்க லயத்துல நானே செஞ்சிருக்கேன்."

"சரி, அத்தனை பேரும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு..." அதிகாரி வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அதே நொடியில் லயத்தின் எல்லாக் காம்பராக்களிலிருந்தும் "ஹலோ, ஹலோ" என்று கூப்பாடு. கொஞ்ச நேரத்தில் அதிகாரி அசைந்தார், கூப்பாடும் அடங்கியது. மறுபடியும் நின்றார், மறுபடியும் ஹலோ. எல்லாரும் ஒரேயடியாகப் போனால் காலியான வழியும் நெரிகிறது. பெட்டி அத்தனை பேரையும் பழைய வழிக்கே விரட்டுகிறது. லயமே அங்கும் இங்குமாக அல்லாடுகிறது. கொஞ்சப் பேரை மட்டும் மாற்றியிருந்தால் போதும். விடை இப்போது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. கேட்கத்தான் ஆளில்லை, அதிகாரி போய்விட்டிருந்தார்.

கதவருகே ராக்காயி கையில் போனோடு நின்றாள். திரையைப் பார்த்தாள். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்த தொரையைப் பார்த்தாள்.

"அடடா, ஒன் கம்ப்யூட்டரும் பழசாயிடுச்சா தம்பி?" என்றாள், நிஜமான இரக்கத்தோடு.