பொங்கலுக்கு அடித்த வெள்ளை

தொண்டாமுத்தூர்ப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம், மலேரியாவை ஒழிக்க சர்க்கார் ஆட்கள் வீடு வீடாக வந்து சுவருக்கு டிடிடி அடித்தார்கள். காசு எதுவும் வாங்கவில்லை.

"தைக்குச் சுண்ணாம்பு அடிச்சுப்போடாதீங்க. இந்த மருந்து மேல உக்காந்தாத்தான் கொசு சாகும்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் அக்காளைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். சுவரில் அந்த மருந்துத் திட்டுகளைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கமே வரும்.

பொங்கல் நெருங்கியதும் மாமியார் சுண்ணாம்பு கரைத்தார். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் பொங்கலுக்கு வெள்ளை அடிக்க மாட்டார்கள்.

"வேண்டாமுங்க அத்தை," என்று கெஞ்சினேன்.

"நல்ல நாளும் அதுவுமா ஊட்டை எழவு ஊடாட்டம் வெக்கச் சொல்றயா அம்மணி?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சுண்ணாம்புச் சட்டியை எட்டி உதைத்திருப்பேன். புது மருமகள், பயம் விடவில்லை.

பொங்கலன்று சுவர் பளிச்சென்று இருந்தது. பொழுது சாய்கையில் அதில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அது சாகவில்லை. எழுந்து, கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் பக்கம் பறந்தது.

மாசியில் அவருக்குக் குளிர் எடுத்தது.

அடுத்த பொங்கலுக்கு மாமியார் சுண்ணாம்பு கரைக்கவில்லை.