அக்கா காத்த பொதுச்சுவர்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. "மாமா, அம்மாவுக்க நினைவு மலர்ல நீங்கதான் எழுதணும். நம்ம குடும்பத்துல சும்மா இருக்கது நீங்க ஒருத்தர்தான்" என்றாள் அக்காவின் மகள் செல்வி. தகுதி பார்த்துத் தந்த பொறுப்பு என்பதால் மறுக்க முடியவில்லை.

பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்கள் தெருவில், இதே ஓட்டு வீட்டின் உள்ளறையில்தான் அக்கா பிறந்தார்கள். பூதப்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டார்கள். அத்தான் இளவயதிலேயே காலமாகிவிட, கைக்குழந்தையோடு இங்கேயே திரும்பினார்கள். தையல் மிஷினை மிதித்தே செல்வியைப் படிக்கவைத்தார்கள். நான் அப்போது மஸ்கட்டில் இருந்தேன். அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள்; என் முதலாளிக்கே அது கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை.

எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டியே நிற்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இரு வீட்டு உத்திரங்களின் முனைகளும் அந்தச் சுவருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஒன்றைப் பிரித்தால் அடுத்தது தாங்காது.

நான் ஊர் திரும்பிய சமயம், பழைய மர வீடுகளைப் பிரித்து எடுத்துப்போய்க் கேரளத்து ரிசார்ட்டுகளுக்குக் கொடுக்கும் வியாபாரி ஒருவர் தெருவுக்குள் வந்தார். மேற்குப் பக்கத்து வீட்டு ராஜப்பன் அண்ணன் சம்மதித்துவிட்டார். போகிற இடத்தில் அதேபடி திரும்பப் பூட்டுவதற்காக, அவர் வீட்டுத் தூண்களிலும் கதவுகளிலும் வியாபாரியின் ஆட்கள் சாக்பீஸால் எண் போடத் தொடங்கிவிட்டார்கள். அந்த வீடு போனால் எங்கள் மேற்குச் சுவர் ஒரு மழைக்கு நிற்காது. அக்காவுக்குப் போக வேறு வீடும் இல்லை.

சமாதானம் பேச அக்கா என்னை அனுப்பினார்கள். நானும் போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

"என்னலே சொன்னான் ராஜப்பன்?"

"அவரு சொல்லதுலயும் நியாயம் இருக்குக்கா. கூரை பூரா ஒழுகுதாம். வீட்டுக்குள்ள கக்கூஸ் இல்லேன்னு மருமவ தாய்வீட்டுல இருந்து வரமாட்டேங்காளாம்."

"உன்ன எனக்க பக்கம் பேச அனுப்பினேன். நீ அவனுக்க வக்கீலாட்டு வந்து நிக்க. முந்திரிக்கொத்து தந்தானோ?"

வாயைத் துடைத்துக்கொண்டேன். "ரெண்டுதாங்க்கா."

மறுநாள் அக்காவே போனார்கள். நான் பின்னால் போனேன், பாதுகாப்புக்கு. யாருக்கு என்பது வேறு விஷயம். வியாபாரியும் அங்கேதான் இருந்தார்.

"ராஜப்பா, உனக்க வீட்ட நீ வித்துக்க. நான் தடுக்க வரல்ல. ஆனா சொவரு ரெண்டு பேருக்கும் பொது. அதுக்குள்ள இருக்க உத்தரத்த உருவணும்னா எனக்க சம்மதம் வேணும்லா? அத நான் தரமாட்டேன். சொவரு ஓரத்துல அறுத்து எடுத்துக்கச் சொல்லு."

வியாபாரி சுவரைப் பார்த்தார், உத்திரத்தைப் பார்த்தார். முனை போன உத்திரம் இன்னொரு சுவருக்கு எட்டாது. "அறுத்தா பின்ன அது வெறகுதாம்மா" என்று சொல்லிவிட்டு சாக்பீஸைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ராஜப்பன் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லா இருக்குக்கா நியாயம்! ஒழுகுத வீட்டுக்குள்ள கெடந்து நான் சாவணுமா?"

"எதுக்குலே சாவணும்? அடுத்த வாரம் எங்களுக்கு ஓடு மாத்த ஆளு வருது. ஒட்டிக் கெடக்க கூரைதானே, உனக்கயும் சேத்து மாத்துவோம். பொறத்தால எடம் கெடக்கு, கக்கூஸ் கெட்டு. இவனும் வருவான்" என்று என்னைக் காட்டினார்கள். "ஒண்ணும் தெரியாது. ஓடு எடுத்துக் குடுப்பான்."

எடுத்துக் கொடுத்ததைவிட நான் உடைத்தது அதிகம். ஆனாலும் இரண்டு கூரையும் ஒழுகவில்லை. கக்கூஸ் எழுந்தது, மருமகளும் வந்தாள். பிறகு ஒவ்வொரு வைகாசியிலும் தெரு முழுக்க ஒரே ஆட்களை வைத்துச் சேர்ந்தே ஓடு மாற்றுவது வழக்கமாகிவிட்டது. இன்றுவரை எங்கள் வரிசையில் ஒரு வீடும் போகவில்லை.

கடைசி நாட்களில் அக்கா அந்த மேற்குச் சுவரை ஒட்டித்தான் படுத்திருந்தார்கள். வெளியே ஆனி மழை.

"ஒழுகுதாலே?"

"இல்லக்கா."

"ராஜப்பனுக்கு?"

"அங்கயும் இல்ல."

"செரி" என்று கண்ணை மூடினார்கள். அன்று தூங்கத்தான் மூடினார்கள். அந்த வாரமே, மழை விட்ட ஒரு காலையில், வலியில்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த ராஜப்பன் அண்ணனின் மருமகளுக்கும், பாடை சுமந்த தெருக்காரர்களுக்கும், பதினாறாம் நாள் அடியந்திரத்தில் பந்தி பரிமாறியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. ஒரு வருடமாக உறவினர்கள் பலர் வந்து, வீட்டை அண்ணாந்து பார்த்து, என்னைப் பார்த்து, கேட்க வந்ததைக் கேட்காமல் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போகிறீர்கள். செல்வியும் நானும் பேசிவிட்டோம். வீட்டை விற்கப்போவதில்லை. நான் இங்கேதான் இருப்பேன்.

இதை முதலில் ராஜப்பன் அண்ணனிடம்தான் சொன்னேன். அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"லேய் மக்கா, இத நேரத்தே சொல்லப்பிடாதா? அக்கா போன அன்னையிலேருந்து, நீ உனக்க வீட்ட வித்துருவியோ, எனக்க சொவரு என்ன ஆவுமோன்னு நான் ஒழுங்கா ஒறங்கவே இல்ல."

அவருக்குச் சொன்னதையே உங்கள் அனைவருக்கும் சொல்லி, நன்றியோடு வணங்குகிறேன்.