கொக்கு மருந்து

என் மாமாவுக்குப் பார்வை ஒரு கண்ணில்தான். இன்னொன்றைக் கொக்கு கொத்திவிட்டதாக எங்களிடம் சொல்லியிருந்தார். வயலில் குனிந்தபோது மீன் என்று நினைத்துக் கொத்திவிட்டதாம்! அம்மாவின் தம்பியான அவர் எதைச் சொன்னாலும் நான் நம்புவேன். அவ்வளவு கிறுக்கு எனக்கு அவர் மேல். வெளுத்துப்போன அந்தக் கண்ணை ஓயாமல் தோள் துண்டால் ஒற்றிக்கொண்டே இருப்பார். ஏன் என்று கேட்டால், "தூசி, கண்ணு" என்பார்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. நாங்கள் இருந்த மலையிலே ரோடு கிடையாது. களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தபோது ஓர் உமி பறந்து வந்து, என் கருவிழி மேலேயே ஒட்டிக்கொண்டது. தாய்ப்பால் விட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை நாக்கால் துழாவிப் பார்த்தாள். ஊஹூம்! கண் வீங்கிச் சிவந்து, திறக்கவே முடியாமல் போனது.

அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கண் டாக்டர் ஒருவர் வந்து சத்திரத்தில் வைத்தியம் பார்க்கிறார் என்று சேதி வந்தது. கண்ணில் கத்தி வைப்பதா என்று அம்மா அழுதாள். "அப்ப இவளும் என்னாட்டம் ஆவோணுமா?" என்று மாமா ஒரு போடு போட்டார்.

மாமா என்னை முதுகில் சுமந்துகொண்டு மலையிறங்கினார். எனக்கோ, வலி ஒரு பக்கம் இருந்தாலும், சந்தை பார்க்கப் போகிற குதூகலம்! வழி நெடுக அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"வலிச்சுதுன்னா கத்திப்போடு சாமி. மாமன் கதவ ஒடச்சுக்கிட்டு வந்து உன்னத் தூக்கிட்டு ஓடியாந்துருவேன்."

டாக்டர் என் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "முதலில் கொக்கேன் என்று ஒரு மருந்து விடுவேன். கண் மரத்துப்போகும்" என்றார்.

நான் துள்ளி எழுந்தேன். "மாமா! உங்க கண்ணக் கொத்துன கொக்கா?"

மாமாவின் கவலை வேறு. "ஏனுங்க, காலு மரத்துப்போனா நடக்க முடியாதுங்களே. கண்ணு மரத்துப்போனா புள்ளைக்குத் தெரியுங்களா?"

"நல்லாத் தெரியும். வலிதான் தெரியாது. நீ வெளியே இரு" என்று டாக்டர் கதவைச் சாத்திவிட்டார்.

சொட்டு விழுந்ததும் சுள்ளென்றது. பிறகு கண் இருக்கிற இடமே தெரியவில்லை. டாக்டர் ஓர் ஊசியை எடுத்தார். அடேயப்பா, அந்த ஊசி பளபளவென்று என் கண்ணை நோக்கி வருகிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்! வந்தது, தொட்டது, என் கண் மேலேயே கிண்டியது. கடுகளவு வலி இல்லை! குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் மூச்சுக்கூடப் பலமாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கல்லாகக் கிடந்தேன்.

அதுதான் வினையாகிவிட்டது. டாக்டர் உமியை எடுத்து ஊசியை விலக்கினாரோ இல்லையோ, கதவு படாரென்று திறந்துகொண்டது. மாமா உள்ளே பாய்ந்து வந்தார்.

"ஏனுங்க, சத்தமே இல்லீங்களே! புள்ள போயிருச்சுங்களா?"

"மாமா, வலிக்கவே இல்ல!" என்று கத்தினேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கண்ணுக்குக் கட்டுப் போடும்வரை மருந்துப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் கண்ணைக் கவனித்து, என்னவாயிற்று என்று கேட்டார்.

"முள்ளுங்க. சின்ன வயசுல. ஆளுங்க அமுக்கிப் புடிச்சு நோண்டி எடுத்தாங்க."

அப்படியானால் கொக்கு? எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாளும் என்னை ஏமாற்றியிருக்கிறார்!

"எனக்கும் ரெண்டு சொட்டு உடுங்க" என்றார் மாமா.

"இனிமேல் பார்வை வராதப்பா."

"பார்வைக்குக் கேக்கலீங்க."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த வெளுத்த கண்ணில் மருந்தை விட்டார். பார்வைக்கு இல்லையென்றால் பின்னே எதற்காம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கொக்குக் கோபம்கூட அதில் போய்விட்டது.

அன்று சந்தையில் மாமாவின் ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கண்டவர்களிடமெல்லாம் வலிய நின்று பேசினார். தோள் துண்டை உருவி, அதில் எனக்குப் பொரியும் வெல்லமும் வாங்கி மூட்டையாகக் கட்டினார். பாட்டுப் பாடிக்கொண்டே மலையேறினார்.

பாதி மலையில் என் கண் கட்டுக்குள்ளே திகுதிகுவென்று எரிய ஆரம்பித்தது. மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டது. வீல் என்று அலறினேன். மாமா பாட்டை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார். பொரியை என் மடியில் கொட்டிவிட்டு, துண்டை எடுத்துத் தம் கண்ணில் அழுத்திக்கொண்டார்.

எனக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். மருந்து எனக்கு மட்டுமா தீர்ந்திருக்கும் என்று யோசிக்கிற வயதா அது?

"அழுவாதீங்க மாமா, எனக்குச் செரியாயிரும்" என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.