ஆமென் இல்லாத பாட்டு

பாரிஸில் ஒரு நடனக்குழுவுக்குப் பியானோ வாசிக்கிறேன். இங்கே பாட்டு முடிந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பதே எனக்குப் பெரும்பாடு. நூறு வருஷத்துக்கும் முந்தைய இம்ப்ரெஷனிஸ்ட் இசை. தாளம் பிடிபடாது, கடைசிச் சுரம் வீடு வந்து சேராமல் தெருவிலேயே நிற்கும். அதற்குப் பிறப்பிடமான சிம்பாலிஸ்ட் கவிதையும் சொல்ல வந்ததைச் சொல்லித் தொலைக்காது. கடல் என்று சொல்லாமல் உப்புக்காற்றை மட்டும் காட்டும். ஆடுகிற பெண்ணோ கையை நீட்டுவாள், எதையும் தொடமாட்டாள். மூன்றும் தங்களுக்குள் ஜாடை பேச, ஒத்திகை நடக்கும் ஜன்னலில்லாத நிலவறையில் நான் மட்டும் திருதிருவென்று விழித்தேன்.

முதல் வாரமே மானம் போயிற்று. கடைசிச் சுரம் தொங்கும்போது என் கை தன்பாட்டுக்கு ஒரு ‘ஆ...மென்’ வாசித்துவிடும். தூத்துக்குடிக் கோயிலில் ஞானப்பாட்டுக்கு ஆர்கன் வாசித்து வளர்ந்த கை. “ஏலே, ஆமென் போடாம எந்திரிச்சா பாட்டு பாதியில்லா நிக்கும்!” என்று பாடகர் குழுவிலிருந்து அப்பா அதட்டுவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். போன வருஷம் இறந்துவிட்டார்.

“யாராவது இறந்துவிட்டார்களா?” என்று கேட்டாள் நடன இயக்குநர் சோலாஞ்ச். அவள் காதில் அது சாவுச் சடங்கின் இசையாம்.

“என் அப்பா” என்றேன், ஆர்கன் கதையைத் தொடங்க நினைத்து. அவளோ பதறி என் கையைப் பற்றிக்கொண்டாள். “இப்படி ஒரு முடிவைப் போட்டுத் துக்கத்தை மூடாதே. ஆடுகிறவள் கை நீட்டியபடியே நிற்கட்டும்.”

இந்த வேலை நிரந்தரமானால்தான் விசா. விசா இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்ப வழியில்லை. ஊரில் தங்கச்சி ஜெபாவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாததால் அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டியவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் போடாமலிருக்கப் பழகினேன். பெடலை மிதித்தபடி இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வேன். ஒருநாள் ஆடுகிறவள் நீட்டிய கை அப்படியே நிற்க, சுரம் கரைய, ஒருவரும் இருமக்கூட இல்லை. அட, சொல்லாமல் விட்டதற்கு இவ்வளவு பலமா!

வேலை நிரந்தரமாயிற்று. கூடவே நிபந்தனையும்: அரங்கேற்றம் வரை லீவு கிடையாது. கல்யாணமோ அதற்கு முன்னால். கருவாட்டுக்கு ஆசைப்பட்டுப் பொறிக்குள் போன எலி நான்.

“அப்போ வரமாட்டியாண்ணே?” என்றாள் ஜெபா ஃபோனில். பிறகு அவளே, “சரி, பெரியப்பா மவன் கூட்டிட்டுப் போவான். நீ சோறாவது ஒழுங்கா திங்கியா?” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கல்யாணத்தன்று ஒத்திகை. கல்யாணம் நேரலையில் ஓடும் ஃபோனை, சத்தத்தை அணைத்துப் பியானோ மேல் சாய்த்து வைத்தேன். ஆடுகிறவள் அறைக்கோடியிலிருந்து நடக்கத் தொடங்கினாள். ஃபோனில் ஜெபா, பெரியப்பா மகன் கையைப் பிடித்துக் கோயில் வாசல்படி ஏறினாள்.

“ஏன் இப்படி இழுக்கிறாய்?” என்று சோலாஞ்ச் கத்தினாள். “அவள் எப்போதோ வந்துவிட்டாள்!”

“கொஞ்சம் பொறும்மா, எந்தங்கச்சி இன்னும் பீடத்துப் பக்கம் போவல” என்றேன் தமிழில், வாசிப்பதை நிறுத்தாமல்.