கையை வெட்டிய டிஸ்க்

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த டிஸ்கைப் பார்த்துவிட்டு, "படம் சூப்பர் சார், ஒரு பட்டைகூட இல்ல, டிவி நெறைய வருது" என்று கம்பெனிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிய அறிவாளி நான்தான்.

போடியில் கேசட் கடை வைத்திருந்தேன். அது படுத்ததும் கேபிள் இழுத்தேன். பிறகு வீடு வீடாக டிவி மாட்டினேன். இப்போது பழைய ஆர்ட் படங்களை டிஸ்க் போடும் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சப்டைட்டில் எழுதுகிறேன்; முடிந்த டிஸ்கை ஓட்டிப் பார்த்து ஓகே சொல்கிறேன். இதற்கு க்யூ.சி. என்று பெயர். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைப் படித்தால், நான் விழுந்த குழியைச் சுற்றிக்கொண்டு போகலாம்.

1. பட்டை

டிவி மாட்டுகிறவனுக்கு ஒரே எதிரி கறுப்புப் பட்டை. பழைய படங்கள் ஏறக்குறைய சதுரம், ஃபோர் த்ரீ. இப்போதைய டிவி அகலம், சிக்ஸ்டீன் நைன். அகல டிவியில் பழைய படத்தை ஒழுங்காகப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பாக இடம் நிற்கும். நிற்கத்தான் வேண்டும். வீட்டுக்காரர் விடமாட்டார்.

"என்னப்பா, இம்புட்டுப் பெரிய டிவி வாங்கிருக்கேன், ரெண்டு பக்கமும் துணி தொங்கவிட்டாப்ல இருக்கு?"

நான் ரிமோட்டில் ஜூமை அமுக்குவேன். படம் பெரிதாகிப் பட்டை மறையும். கூடவே மேலே தலையும் கீழே காலும் போகும். அதை யாரும் கேட்டதில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார்கள். இப்படிப் போடி முழுக்கக் காலை வெட்டிக்கொண்டு திரிந்தவனிடம்தான் கம்பெனி அந்தப் படத்தைக் கொடுத்தது.

2. காய் எடுக்கிற ஷாட்

எங்கள் மலையில் எடுத்த படம். ஏலக்காட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. கதாநாயகி நிஜமாகவே ஏலக்காட்டில் வேலை பார்த்த பேச்சியம்மா. அப்போது கல்யாணமாகாதவர். இப்போது வயது அறுபது தாண்டியும் தினம் விடிகாலை ஜீப்பில் அதே வேலைக்கு மலையேறுகிறார். எனக்கு அக்கா முறை. படம் போடிக்கு வந்த வேகத்தில் போய்விட்டது, அவர் பார்க்கவேயில்லை.

நடுவில் நீளமாக ஒரு ஷாட். கேமரா அசையாது. பேச்சியம்மா குத்தவைத்துக் காய் எடுப்பார், அவ்வளவுதான். ஏலக்காய் கிளையில் தொங்குவதில்லை. செடியின் தூரில், மண்ணை ஒட்டி ஓடும் சரத்தில் காய்க்கும். ஆகவே வேலை நடப்பதெல்லாம் படத்தின் அடி விளிம்பில். மேலே இலை, நடுவில் முகம், கீழே கை. டைரக்டர் யோசித்துத்தான் அப்படி வைத்திருந்தார்.

அங்கே வசனம் கிடையாது. வசனம் இல்லாத இடத்தில் சப்டைட்டில்காரனுக்கு என்ன சோலி? எழுதும்போது அதைப் பார்க்காமல் வேகமாக ஓட்டித் தாண்டிவிட்டேன். டிஸ்க் வந்தபோது பட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை. புல்லரித்துப்போய் மெசேஜ் அனுப்பினேன்.

3. ஸ்டோர்

டிஸ்க் விற்பனைக்கு வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேச்சியம்மாவிடம் போனேன்.

"அக்கா, ஒங்க படத்த ஒங்க ஆளுகளுக்கே போட்டுக் காட்டப் போறேன்."

"அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது அப்பு. மருமக வேற, 'எங்க அத்தை பெரிய நடிகை'ன்னு நக்கல் பண்ணிட்டுத் திரியுறா. சரி, போடு. அவளும் பாக்கட்டும்."

எஸ்டேட்டில் காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்போம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே ஜன்னலில் சாக்கை மாட்டி இருட்டாக்கி, ப்ரொஜெக்டர் வைத்தேன். கூட வேலை பார்க்கும் பெண்கள், மருமகள், ஜீப் டிரைவர் முருகன் எல்லாரும் வந்தார்கள். பேச்சியம்மா பட்டுச்சேலை கட்டி முன்னால் உட்கார்ந்தார்.

ஆரம்பமே சரியில்லை. ஃபிலிமில் இயல்பாக இருக்கும் பொடிப்பொடியான க்ரெய்னை அழுக்கு என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் துடைத்திருந்தார்கள். அதோடு மலையில் நின்ற பனியும் போய்விட்டது. முகமெல்லாம் மெழுகு. பச்சையை வேறு ஏற்றியிருந்தார்கள்.

"என்னண்ணே, சாயம் போட்ட காய் மாதிரி இருக்கு காடு?" என்றான் முருகன். நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கத்தை மறைக்கத்தான்.

பிறகு அந்த ஷாட். மேலும் கீழும் வெட்டி அகலமாக்கியதில் கை இல்லை. சரம் இல்லை. கூடை இல்லை. செடிக்கு நடுவில் ஒரு பெண் குத்தவைத்திருக்கிறாள். தோள் லேசாக ஆடுகிறது. முகத்தை ஒரு பக்கம் சாய்க்கிறாள். எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

"பேச்சியக்கா, செடி மறவுல என்ன பண்றீக? வெளிக்கி இருக்கீகளா?" முருகன்தான் ஆரம்பித்தான்.

சிரிப்பில் ஸ்டோரே அதிர்ந்தது. "தண்ணி கொண்டாரவாக்கா?" என்றாள் ஒருத்தி. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஷாட் முடிகிற வழியாக இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஜூமைக் குறைக்கும் பட்டனைத் தேடினேன். டிஸ்கிலேயே இல்லாத கையை எந்தப் பட்டன் கொண்டுவரும்?

பேச்சியம்மா எழுந்து திரும்பினார். "காய் எடுக்குறேன்டி! காய்தான் எடுத்துட்டிருக்கேன்!"

கேட்க ஆளில்லை. நேரே என்னிடம் வந்தார். "எங் கை எங்கடா?"

4. போன்

மறுநாள் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டேன். மேனேஜர் என்றால் என் மகன் வயது.

"சைடுல பட்டை இருந்தா டிஃபெக்ட்டுன்னு ரிட்டர்ன் அனுப்புறாங்க சார். ஸ்க்ரீன் ஃபில் ஆகணும்."

"அதுக்காக அந்தம்மா கைய வெட்டுவீங்களாய்யா?"

"ஒரே ஒரு ஷாட்டுதானே சார். அதுல ஒண்ணும் நடக்கவே இல்லையே."

"ஒண்ணும் நடக்கலையா? ஒரு மனுஷி வேல பாத்துட்டிருக்காய்யா அதுல!"

"டென்ஷன் ஆகாதீங்க சார். அப்ரூவல் யார் குடுத்தது?" என்று என் வாய்ஸ் மெசேஜை எனக்கே போட்டுக் காட்டினான். என் குரல் அவ்வளவு சந்தோஷமாக ஒலிக்கும் என்று எனக்கே தெரியாது. நான் சொன்ன பதில் அச்சில் வராது. விற்றதைத் திரும்ப வாங்க முடியாது, மறுபடி போடவும் முடியாது என்று போனை வைத்துவிட்டான்.

இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பீரோவுக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரன் சேலையின் கரையை வெட்டிக் கொடுத்தால் சும்மா இருப்போமா? படத்தை மட்டும் டிவிக்குத் தக்கபடி வெட்டலாமாம். பட்டை படத்தின் குறை இல்லையப்பா, டிவியில் மிச்சம் கிடக்கும் இடம். இதை ஒரு துண்டுத்தாளில் அச்சடித்து டிஸ்கோடு வைத்தால் போதும். வைக்க மாட்டார்கள். வெட்டுவது சுலபம். என்னை மாதிரி ஒருவன் ஓகே சொல்லவும் தயாராக இருக்கிறான்.

இப்போதெல்லாம் வசனம் இல்லாத இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். ஃபிலிமிலிருந்து வெட்டாமல் எடுத்த முழு ஸ்கேனைப் பக்கத்தில் ஓடவிட்டு நாலு விளிம்பையும் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

5. மறுபடியும் ஸ்டோர்

சப்டைட்டில் எழுதக் கம்பெனி முதலில் அனுப்பிய காப்பி என் லேப்டாப்பில் இருந்தது. கொஞ்சம் மங்கல், மேலே நேரம் காட்டும் நம்பர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் முழு ஃப்ரேம். அடுத்த ஞாயிறு அதே சாக்கை மாட்டி அதைப் போட்டேன். இரண்டு பக்கமும் பட்டை கன்னங்கரேலென்று நின்றது.

"பாத்த படந்தானே" என்று யாரும் வரவில்லை. முருகன் ஜீப்பிலேயே படுத்துக்கொண்டான். பேச்சியம்மா மட்டும் வந்தார், வேலைக்குக் கட்டும் சேலையில்.

அந்த ஷாட் வந்தது. பனி இருந்தது. கை இருந்தது. விரல் சரத்தைத் தடவி, விளைந்ததை மட்டும் கிள்ளி, பிஞ்சை விட்டு, கூடையில் போட்டுவிட்டு மறுபடி இறங்கியது. முகத்தை ஏன் ஒரு பக்கம் சாய்த்தார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தூருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு சரத்தைப் பார்க்க.

படம் முடிந்தது. ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பேச்சியம்மா ஜன்னல் சாக்கைக் கழற்றி, மடித்து, என் கையில் திணித்தார்.

"இத எதுக்குடா எனக்குப் போட்டுக் காட்டுற? எங் கை எனக்குத் தெரியாதா? அன்னைக்குச் சிரிச்சவுகளக் கூட்டியாந்து காட்டு."